கல்லடி ஸ்டூடியோ ஒயில் டாங்கியில குமிழி: எங்கால வந்திச்சி, எப்பிடி நிப்பாட்டினம்

மட்டக்களப்புக் கல்லடியில, கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற அந்த ஒடுங்கின நிலத்துண்டில ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோ இருக்கு. ஓனர் தம்பி கேட்டுக்கொண்டதால பேர் போடல்ல. வீடியோவ முடிச்சி எடுக்கிற ரெண்டு ரெண்டரிங் மெஷின், ரெண்டிலயும் பெரிய ஜிபியு, அதாவது படக் கணக்கெல்லாம் போடுற கார்ட், கலியாண சீசன் எண்டா ராப்பகலா ஓடும். கடற்கரைக்குக் கிட்ட கொம்பியூட்டர் வெச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஃபேன் அந்த உப்புக்காத்தையே இழுத்து இழுத்து ஹீற்சிங்க்ல, அதாவது சிப்பின்ர சூட்ட வாங்குற தகடுகளில அடிக்கும், கொஞ்ச நாளையில சொல்டர் காலெல்லாம் பச்சை பூக்கும், மாரி முடியக்குள்ள கார்ட் செத்துரும். அறைய அடைச்சி ஏசி போட்டா கரண்ட் பில் தாங்காது. அதால இந்தத் தம்பியும் அவர்ர கூட்டாளியும் சேந்து ரெண்டு மெஷினையும் மினரல் ஒயிலுக்குள்ள முக்கி வெச்சிட்டாங்க.

யோசனை நல்ல யோசனைதான், எங்கட கரையோரத்துக்கு இது சரியா வரும் எண்டுதான் நானும் நம்புறன். ஒயில் கரண்ட் கடத்தாது, உப்புக்காத்து போட்டுக்குக் கிட்டயும் வராது, ஒரு லீற்றர் ஒயில் ஒரு டிகிரி சூடாக எடுக்கிற வெப்பம் ஒரு லீற்றர் காத்து எடுக்கிறத விட ஆயிரம் மடங்குக்கு மேல. ஆனா ஓடத் தொடங்கி கொஞ்ச நாளில ஒயில் கண்ணாடி மாதிரி இருந்தது பால் நிறமாகி, பம் ஒரு மாதிரி முனகத் தொடங்கி, ரெண்டு மெஷின்ல ஒண்டு மட்டும் 90 டிகிரிக்குக் கிட்டப் போய் தானா வேகத்தக் குறைக்கத் தொடங்கிட்டு. மற்றது அதே டாங்கியில, அதே ஒயிலில, 65 சொச்சத்தில பேசாம ஓடுது. இந்த வித்தியாசம்தான் கடைசியில எல்லாத்தையும் புரிய வெச்சது, ஆனா அத முதல்ல ஒருத்தரும் கவனிக்கல்ல, எல்லாரும் ஒயில்ர நிறத்தையே பாத்துக்கொண்டு நிண்டாங்க.

டாங்கி எப்பிடிச் செஞ்சிருந்தாங்க

அளவ முதல்ல சொல்லணும், பின்னால கணக்கு வரும். டாங்கி 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், ஒயில் உயரம் 50, ஆக 120 லீற்றர். முன்பக்கம் தடிச்ச கண்ணாடி. ஒயில் வந்து வைற் ஒயில், அதாவது நிறமில்லாமச் சுத்திகரிச்ச மினரல் ஒயில், மெல்லிய ரகம், டின்ல போட்டிருந்தபடி 40 டிகிரியில 15 சென்ரிஸ்ரோக் பிசுப்பு. பம் நிமிஷத்துக்கு 20 லீற்றர் தள்ளும். வெளிச் சுவரில ஒரு கார் ரேடியேட்டர், ரெண்டு ஃபேன்.

டாங்கியில ஓட்டை போடப் பயந்து, சக்சன் ரியூப்ப, அதாவது பம் ஒயில உறிஞ்சுற ரியூப்ப, விளிம்புக்கு மேலால வளைச்சி எடுத்து, பம்ம பக்கத்தில ஒரு பலகைத் தட்டில, ஒயில் மட்டத்துக்கும் மேல வெச்சிருந்தாங்க. சக்சன் வாய் டாங்கி அடியில கிடந்தது. ரேடியேட்டரால திரும்பி வாற ஒயில் மேலயிருந்து ஒரு சாண் உயரத்தில ஊத்துற மாதிரி விழுந்துது, பாக்க அருவி போல வடிவாத்தான் இருக்கும். அது காணாதெண்டு அடியில மீன் தொட்டிக்குப் போடுற காத்துக்கல், நீல லைட், சின்ன எயார் பம். கலியாண மாப்பிள்ளை பொம்பிளை அல்பம் பாக்க வந்தா அந்தக் குமிழியப் பாத்து ஃபோட்டோ எடுப்பாங்களாம். சந்தோசமான விசயம், மறுக்கல்ல. ஆனா ஒயிலுக்குள்ள காத்து போறதுக்கு இங்க எத்தின வழி இருந்ததெண்டு எண்ணிப் பாருங்க.

“அண்ணன், ஒயில் கொதிக்குது போல”

ஓனர் தம்பி என்னக் கூப்பிட்டது இந்த வசனத்தோடதான். இல்ல தம்பி, கொதிக்கல்ல. வைற் ஒயில் கொதிக்க 200 டிகிரிக்கு மேல நல்லா ஏறணும், ஜிபியு 90க்குக் கிட்டயே தன்ர வேகத்தக் குறைச்சிரும், கொதிக்கிற அளவுக்குச் சூடான ஒரு இடம் அந்த போட்ல இருந்தா போட் எப்பவோ கருகியிருக்கும். மிஞ்சினது ரெண்டுதான். ஒண்டு காத்து. மற்றது தண்ணி, அதாவது ஒயிலுக்குள்ள ஈரம் சேந்து பனிப்புகார் மாதிரி நிக்கிறது. ரெண்டும் பாத்தா ஒரே பால் நிறம்தான், ஆனா மருந்து வேற வேற.

இதப் பிரிச்சிப் பாக்க மெஷின் ஒண்டும் தேவையில்ல, உயரமான ஒரு கண்ணாடிப் போத்தல் காணும். ஓடுற டாங்கியில இருந்து ஒயில மெதுவா மொண்டு போத்தல ஆட்டாம மேசையில வெச்சிட்டுப் பாக்கணும். காத்துக் குமிழியெண்டா ஒயில் அடியில இருந்து தெளிஞ்சி மேல மேல வரும், ஏனெண்டா குமிழியெல்லாம் மேல போகுது. தண்ணிப் புகாரெண்டா அப்பிடித் தெளியாது, மணிக்கணக்கா அப்பிடியே நிக்கும், சூடாக்கினாத்தான் தண்ணி ஒயிலுக்குள்ள கரைஞ்சி தெளியும். எங்கட போத்தல் அடியிலயிருந்து தெளிஞ்சிது. அதுவும் நிமிஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கணக்கில, அந்தத் தெளிவுக்கும் கலங்கலுக்கும் இடையில ஒரு கோடு கண்ணுக்கே தெரிஞ்சிது. அந்தக் கோடு ஏறுற வேகத்துக்குள்ள குமிழிட அளவே ஒளிஞ்சி கிடக்கு, அதான் எனக்கு இதில ஆகப் பிடிச்ச இடம்.

சின்னக் குமிழி ஒயிலுக்குள்ள ஏறுற வேகம் அதின்ர விட்டத்தின்ர வர்க்கத்துக்கு ஏத்தபடி போகும், ஸ்ரோக்ஸ் விதி எண்டு ஏஎல்ல படிச்சதுதான். விட்டம் பாதியானா வேகம் காலாகும். பிசுப்பு கூடினா வேகம் அதே அளவுக்குக் குறையும். அறை வெப்பத்தில இந்த ஒயில்ர பிசுப்புக்குக் கணக்குப் போட்டா, நிமிஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் ஏறுற குமிழி கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர். டாங்கிக்குள்ள ஒயில் சூடா, 40க்கு மேல இருக்கிறதால அங்க கொஞ்சம் வேகமாப் போகும், செக்கனுக்கு 0.36 மில்லிமீற்றர் மட்டில. அந்த வேகத்தில 40 சென்ரிமீற்றர் ஏற 18, 19 நிமிஷம் வேணும். ஒரு மில்லிமீற்றர்க் குமிழி அதே தூரத்தப் 15 செக்கன் மட்டில ஏறிரும். கண்ணுக்குத் தெரியிற பெரிய குமிழியில ஒரு பிரச்சினையும் இல்ல, அது தன்ர பாட்டில போயிரும். பிரச்சினை கண்ணுக்குத் தனியாத் தெரியாத இந்தப் பொடிக் குமிழிதான்.

இப்ப டாங்கிக் கணக்கு. நிமிஷத்துக்கு 20 லீற்றர அடியால உறிஞ்சினா, 60க்கு 40 பரப்பில ஒயில் முழுக்க செக்கனுக்கு 1.4 மில்லிமீற்றர் வேகத்தில கீழ இறங்குது. குமிழி 0.36ல ஏறப் பாக்குது, ஒயில் அத 1.4ல கீழ இழுக்குது. எங்க ஏறுறது? 0.2 மில்லிமீற்றருக்குச் சின்னதான எந்தக் குமிழியும் அந்த டாங்கியில மேல வரவே ஏலாது, திருப்பித் திருப்பி பம்முக்குள்ள போய், பம்முக்குள்ள சுத்துற இம்பெல்லர் அத இன்னும் பொடியாக்கி விடுது. ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா 120 லீற்றரும் ஒரு சுத்துச் சுத்தி வருது. நாள் முழுக்க ஓடினா ஒயில் பால் நிறமாகாம வேற என்ன ஆகும்.

ஏன் ஒரு மெஷின் மட்டும் சூடு

ஒயிலுக்குள்ள அஞ்சு வீதம் காத்து கலந்திருக்கெண்டே வெச்சாலும், வெப்பம் கொண்டுபோற அளவு அஞ்சு வீதம்தான் குறையும். அதுக்காக ஜிபியு 25 டிகிரி ஏறாது. அப்ப வேற என்னவோ நடக்குது.

ரெண்டு மெஷினையும் வெளிய எடுக்காம கண்ணாடிக்கால ரோச் அடிச்சிப் பாத்தம். நல்லா ஓடுற மெஷின்ல மதர்போட் படுத்துக் கிடந்தது, அதால ஜிபியு கார்ட் நிமிந்து நிண்டுது, ஹீற்சிங்க் தகடுகளுக்கு இடையில குமிழி வந்தா வழுக்கி மேல போயிரும். சூடாகிற மெஷின வழமையான ரவர் கேஸில இருக்கிற மாதிரியே நிமித்தி வெச்சிருந்தாங்க. அப்பிடி வெச்சா ஜிபியு கார்ட் படுத்துக்கொண்டு, ஹீற்சிங்க் கீழ்ப்பக்கம் பாத்துக்கொண்டு இருக்கும். காத்தில ஓடுற கேஸுக்கு அது பரவாயில்ல, ஃபேன் தள்ளும். ஒயிலுக்குள்ள ஃபேனும் இல்ல. கீழயிருந்து ஏறுற குமிழி நேர அந்தத் தகடுகளுக்குள்ள போய், மேல செப்பு அடித்தகட்டில முட்டி, அங்கயே தங்கி, ஒண்டோட ஒண்டு சேந்து தட்டையான ஒரு காத்துப் படையா ஒட்டிக்கொண்டு நிண்டுது. லைட்ட ஒரு பக்கமாப் பிடிச்சா வெள்ளி நிறத்தில மினுங்கிச்சி. காத்துக் கல்லும் சரியா அதுக்குக் கீழதான்.

காத்தின்ர வெப்பம் கடத்துற திறன் ஒயில்ர அஞ்சில ஒண்டுதான், 0.026க்கு 0.13. அது ஒரு பக்கம். அத விடப் பெரிசு, அந்தப் படை நிக்கிற இடத்தில ஒயில் தகட்டத் தொடவே இல்ல, ஓட்டமும் இல்ல. சிப் மேல ஒரு கம்பளி போத்தின கணக்குத்தான். மெஷின அப்பவே ஓஃப் பண்ணி, கார்ட நிமித்தி, கார்டையும் மதர்போட்டையும் இணைக்கிற ரைசர் கேபிள் போட்டு திருப்பி முக்கினம். ஒயில் அப்பவும் பால் நிறம்தான், வேற ஒண்டையும் மாத்தல்ல, ஆனா அந்த ஜிபியு அண்டைக்கே 70களுக்கு இறங்கிட்டு. அதால ஒயில் டாங்கி கட்டுற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்றது இதான், குமிழிய நிப்பாட்டுறதுக்கு முதல் குமிழி தங்குற இடத்த இல்லாமப் பண்ணுங்க. பெரிய கொம்பனிகள் செய்யிற டாங்கிகளில போட்டெல்லாம் செங்குத்தா இறங்கி நிக்கிறதுக்கு இதும் ஒரு காரணம்.

காத்து எங்கால உள்ள போகுது

முதல்ல காத்துக்கல்ல நிப்பாட்டினம். ஓனர் தம்பிக்கு மனமில்ல, “அண்ணன், அது ஒயிலக் கலக்கிக் குளிராக்குது தானே, பூட்டினண்டைக்கு ரெண்டு டிகிரி குறைஞ்சிது” எண்டார். அவர் சொன்னதில உண்மை இருக்கு. குமிழி ஏறக்குள்ள ஒயிலயும் இழுத்துக்கொண்டு ஏறும், அந்தக் கலக்கத்தால தொடக்கத்தில வெப்பம் குறையத்தான் செய்யும். ஆனா ஒயிலக் கலக்க பம் ஒண்டு ஏற்கெனவே இருக்கு. காத்துக்கல் கொண்டு வாறது கல்லடிக் காத்து, அதோட ஈரமும் உப்பும். எந்தக் காத்துக்குப் பயந்து மெஷின ஒயிலுக்குள்ள போட்டமோ அதே காத்த பம் பூட்டி அடியால விடுறது எனக்கு மனசு ஒப்பல்ல. இன்னொண்டு, கரண்ட் போனா எயார் பம் நிக்கும், அந்த பம் ஒயில் மட்டத்துக்குக் கீழ இருந்தா, ரியூப்ல ஒருவழி வால்வும் இல்லாட்டி, ஒயில் அந்த மெல்லிய ரியூப்புக்கால சைபன் பிடிச்சி நிலத்துக்கு வந்துரும்.

கல்ல நிப்பாட்டியும் பால் நிறம் போகல்ல. அடுத்தது, மேலயிருந்து விழுற ஒயிலுக்கு ஒரு ரியூப் போட்டு மட்டத்துக்குக் கீழ இறக்கினம். மேல நிண்ட நுரை போயிட்டு, பெரிய குமிழியும் போயிட்டு. விழுற ஒயில் எப்பவும் தன்னோட காத்த இழுத்துக்கொண்டுதான் உள்ள போகும், இது எல்லா டாங்கிக்கும் பொருந்தும். ஆனாலும் பொடிக் கலங்கல் நிண்டுது.

இந்த நேரத்தில சம்மாந்துறையில அறுவடை மெஷின், ஜேசிபி ஹைட்ரோலிக் வேலை செய்யிற எனக்குத் தெரிஞ்ச காக்கா ஒருத்தருக்கு கோல் எடுத்தன். ஹைட்ரோலிக் வேலை செய்யிற ஆக்கள் ஒயிலுக்குள்ள காத்துப் போற வருத்தத்த வருஷக்கணக்காப் பாத்தவங்க, கொம்பியூட்டர்காரர் இப்பதான் அத முதல் முறையாச் சந்திக்கிறாங்க.

“காக்கா, ஒயில் வெளிய ஒரு சொட்டும் வடியல்ல, ஆனா உள்ள காத்து வருது.”

“வடியாது தம்பி. சக்சன் பக்கம் இரிக்கிற ஓட்டையால ஒயில் வெளிய வராது, காத்துத்தான் உள்ள போகும். பம் உறிஞ்சுற பக்கம் தானே. ஒவ்வொரு ஜொயின்டா கிரீஸ் பூசிப் பாருங்க, பூசின ஒடன பம்மிர சத்தம் மாறினா அதான் இடம்.”

கிரீஸுக்குப் பதிலா வஸ்லின் எடுத்தம், அது வைற் ஒயில்ர குடும்பம்தான், தப்பித் தவறி உள்ள போனாலும் ஒயில் பழுதாகாது. மூண்டாவது ஜொயின்ட்ல, ஹோஸ் கிளிப் போட்ட இடத்தில, பூசின உடன முனகல் நிண்டுது. ஸ்டூடியோவில நிண்ட எல்லாருக்கும் கேட்டிச்சி.

ஏன் அந்த இடம் விட்டுது எண்டும் பாக்கணும், கிளிப்ப முறுக்கிட்டு வந்தா திருப்பியும் விடும். ரியூப் வந்து ஹாட்வெயார் கடையில வாங்குற, நூல் பின்னல் போட்ட, கண்ணாடி மாதிரி பிவிசி ஹோஸ். பிவிசி மெதுவா இருக்கிறதுக்கு அதுக்குள்ள ஒரு இளக்கி சேப்பாங்க, சூடான மினரல் ஒயில் அந்த இளக்கிய மெல்ல மெல்லக் கரைச்சி எடுத்துரும். ஹோஸ் விறைச்சி, சுருங்கி, கிளிப்புக்கும் அதுக்கும் இடையில மயிர் அளவு இடைவெளி வந்துரும். கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற பிவிசி வயருக்கும் இதே கதிதான், ஒயிலுக்குள்ள கிடந்த வயர மடக்கினா முறியிற மாதிரி இருக்கும். ஈபிடிஎம் ரப்பரும் ஆகாது, அது ஊதிப்போகும். நைற்றைல் ரப்பர், அதாவது பெற்றோல் ஹோஸ் செய்யிற கறுப்பு ரப்பர் போட்டம்.

மிச்சம் நிண்ட கலங்கல்

ஜொயின்ட் சரியாக்கினாப் புறகு பகலில ஒயில் தெளிஞ்சிட்டு. ஆனா காலையில, மெஷின் குளிர்ந்து கிடந்து ஸ்ராட் பண்ணின புதுசில, பம்மால வெளிய வாற ஒயில் லேசாக் கலங்கும், சூடேறினா போயிரும். இது எந்த ஓட்டையாலயும் வாற காத்தில்ல, ஒயிலுக்குள்ளயே கரைஞ்சி கிடக்கிற காத்து. மினரல் ஒயில் சாதாரண அழுத்தத்தில தன்ர கனவளவில 9, 10 வீதம் காத்தக் கரைச்சி வெச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் குறைஞ்சா அதுக்கு ஏத்த பங்கு வெளிய வரும், சோடாப் போத்தல் மூடியத் திறந்த மாதிரி. பம் மேல இருந்ததால ஒயிலத் தூக்கவே ஒரு இழுவை, அரை இஞ்சி ரியூப்புக்கால இழுக்க இன்னொரு இழுவை, அடியில வலை பாதி அடைஞ்சி கிடந்தது அதுக்கு வேற. எல்லாம் சேந்து சக்சன்ல அழுத்தம் வழமையான 1 பார்ல இருந்து 0.8 பாருக்கு இறங்கினா, கரைஞ்சிருக்கிறதில அஞ்சில ஒரு பங்கு வெளிய வரப் பாக்கும். காலையில ஒயில் பிசுப்பு கூட, அதால இழுவையும் கூட, அதால கலங்கலும் அப்பதான்.

இந்த இடத்தில கன பேர் ஒரு பிழையான நம்பிக்கையில இருக்கிறாங்க. தண்ணியச் சூடாக்கினா கரைஞ்ச காத்து வெளிய வருது தானே, ஒயிலயும் சூடாக்கி விட்டா காத்துப் போயிரும் எண்டு. மினரல் ஒயில் அப்பிடி நடக்காது. சூடாக்கினா அதுக்குள்ள காத்து கரையிற அளவு பெரிசாக் குறையாது, நைதரசன் எண்டா கொஞ்சம் கூடவே செய்யும். புது ஒயில் ஊத்தினாப் புறகு லோட் இல்லாம சூடா ஓட விடச் சொல்றது நல்ல பழக்கம், ஆனா அது வேலை செய்யிறது வேற காரணத்தால, பிசுப்பு குறைஞ்சி தங்கி நிக்கிற குமிழி லேசா ஏறுறதால.

அதால கடைசியா எல்லாத்தையும் கிறுக்கிப் போட்டம். டாங்கியில ஓட்டை போட்டம், பயந்த அதே ஓட்டை, ஆனா ஒயில் மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழ. ஹோஸ் வெடிச்சாலும் 24 லீற்றரோட நிக்கும், மெஷின் மூழ்கித்தான் இருக்கும். தண்ணி டாங்கிக்குப் பூட்டுற கனெக்டர், நைற்றைல் வொஷர், உடன ஒரு வால்வு. பம் நிலத்துக்கு இறங்கிட்டு. இப்ப சக்சன் பக்கத்தில ஒயில் தன்ர பாரத்தால தானா பம்முக்கு வருது, எங்கயும் விட்டா காத்து உள்ள போகாம ஒயில் வெளிய சொட்டும், நிலத்தில கண்டுபிடிச்சிரலாம். சக்சன் ரியூப் ஒரு இஞ்சி. இந்த மாதிரி மெதுவா ஓடுற ஒயிலில குழாய் விட்டம் ரெண்டு மடங்கானா இழுவை பதினாறில ஒண்டாகும், ரெண்டு மடங்கு விலை குடுத்தாலும் அது பெறுமதி.

ரேடியேட்டரால வாற குளிர் ஒயில் இப்ப விளிம்பால இறங்கி அடியில, ஓட்டை ஓட்டையாப் போட்ட குழாய்க்கால பரவலா வருது, சூடான ஒயில் மேலால எடுபடுது. முந்தி இவங்க அடியில கிடந்த குளிர்ந்த ஒயில எடுத்து ரேடியேட்டருக்கு அனுப்பிக்கொண்டு இருந்தாங்க, அதில ரேடியேட்டருக்கு என்ன வேலை. இப்ப ஓட்டம் முழுக்க மேல் நோக்கி, அதே 1.4 மில்லிமீற்றர் இப்ப குமிழியக் கீழ இழுக்காம மேல தூக்கி விடுது. சக்சன் வாய்க்கு மேல ஒரு தகடு, சுழி விழுந்து காத்து இழுபடாம இருக்க. வாய்க்கு முன்னால மெல்லிய வலை, 30 டிகிரி சரிவா, அந்தக் காக்கா சொன்ன வேலை, ஹைட்ரோலிக் டாங்கியில போடுற மாதிரி. பொடிக் குமிழி வலையில பட்டு ஒண்டோட ஒண்டு சேந்து பெரிசாகி ஏறிரும். அடிக்குப் போற குழாயில ஒயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழ ஒரு சின்ன ஓட்டை, பம் நிண்டு ஹோஸ் கழண்டாலும் சைபன் அதோட அறுந்துரும். ரேடியேட்டர் உச்சியில காத்துத் திறக்க ஒரு வால்வு, முதல் நிரப்பக்குள்ள அங்கதான் காத்து ஒளிஞ்சி நிக்கும்.

மறுகா ரெண்டு ஜிபியுவும் 60களில, ஒண்டுக்கொண்டு ரெண்டு மூண்டு டிகிரி வித்தியாசம்தான். ஒயில் தெளிவு, பம் சத்தமில்ல.

போட வேணாமெண்டு நான் தடுத்த மருந்து

நடுவில ஒருத்தர் நுரை அடக்கி வாங்கி ஊத்தச் சொல்லி ஆலோசனை குடுத்தார், சிலிக்கோன் கலந்தது. மேல நிக்கிற நுரைய அது உடைக்கும், சரி. ஆனா ஒயிலுக்குள்ள கலந்து நிக்கிற பொடிக் குமிழி வெளிய போறத சிலிக்கோன் மெதுவாக்கிரும். மேற்பரப்பு வடிவாத் தெளிஞ்சி, உள்ள கலங்கல் கூடும், ஆள் ஏமாந்து போவார். ஒயில் பரிசோதிக்கிற ஆக்கள் இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் அளக்கிறாங்க, நுரைக்கு ஏஎஸ்ரிஎம் டி892, காத்த வெளிய விடுறதுக்கு டி3427. சிப்புக்கும் ஹீற்சிங்க்குக்கும் இடையில பூசுற சாதாரண தேர்மல் பேஸ்ட்டிலயும் சிலிக்கோன் ஒயில் இருக்கு, நாள் போக மினரல் ஒயில் அதக் கழுவி எடுக்கும், சிப்புக்கு மேலயும் ஒண்டும் மிஞ்சாது. அதுக்கு இந்தியம் எண்டிற மெது உலோகத் தகடு போடுறதுதான் நல்லம்.

குமிழி வேணும் எண்டிற இடமும் இருக்கு

ஓனர் தம்பி குமிழிய இவ்வளவு விரும்பினதுக்கு அவர் பாத்த ஒரு வீடியோவும் காரணம். 2021ல மைக்ரோசொஃப்ட் வாஷிங்டன் மாநிலத்தில குவின்சியில தன்ர டேட்டா சென்ரர்ல கொதிக்கிற திரவத்துக்குள்ள சேர்வர் முக்கி ஓட்டிச்சி, போட்டெல்லாம் குமிழி பறக்கும். அது வேற இனம். அந்தத் திரவம் 50 டிகிரியில கொதிக்கும், சிப் மேலயே கொதிச்சி ஆவியாகி, மேல இருக்கிற குளிர்க் குழாயில பட்டுத் திரும்பி மழையா விழும். அங்க குமிழி வெப்பத்தத் தூக்கிக்கொண்டு போற ஆள், ஒயில் டாங்கியில குமிழி வழிய அடைக்கிற ஆள்.

ஆனா அங்கயும் காத்து பகைதான். எஃப்சி-72 எண்டிற திரவம் 56 டிகிரியில கொதிக்கும், அது தன்ர கனவளவில 48 வீதம் காத்தக் கரைச்சி வெச்சிருக்கும், ஒயில்ர அஞ்சு மடங்கு. அந்தக் காத்த முதல்ல கொதிக்க விட்டு வெளியேத்தாட்டி அது மேல போய் குளிர்க் குழாயச் சுத்தி நிண்டு ஆவியக் கிட்ட விடாது. ஆவிக் குமிழியும் அளவோடதான் நல்லது. வெப்பம் ஒரு எல்லைக்கு மேல போனா குமிழியெல்லாம் சேந்து சிப் மேல ஆவிப் படையாகி, திரவம் தொடவே ஏலாமப் போகும், சிப் எரியும். 1934ல நுக்கியாமா எண்டிற ஜப்பான்காரர் இந்தக் கொதிநிலை வளைவ முதல் முதல் அளந்து காட்டினவர். எஃப்சி-72க்கு வெறும் மட்டமான பரப்பில அந்த எல்லை சதுர சென்ரிமீற்றருக்கு 15 வாட் மட்டில. டேட்டா சென்ரர்ல ஓடுற என்விடியா எச்100 ஜிபியு சிப் 814 சதுர மில்லிமீற்றரில 700 வாட் வரை போகும், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 85 வாட்டுக்கு மேல. அதால நுண்துளைப் பூச்சு போட்ட பெரிய செப்புத் தகட்ட மேல ஒட்டி வெப்பத்தப் பரத்தித்தான் கொதிக்க விடுறாங்க. இதுக்கெல்லாம் பேர் போன திரவங்கள் செஞ்ச 3எம் கொம்பனி 2022 கடைசியில இந்த வகை புளோரின் இரசாயனமே 2025 முடிவோட விட்டுடுவம் எண்டு அறிவிச்சிட்டு. எங்கட ஊருக்கு அந்த வழி விலையாலயும் சரிவராது.

“குமிழிக்குள்ளால கரண்ட் பாயுமா அண்ணன்” எண்டும் கேட்டார். பவர் சப்ளைக்குள்ள 230 வோல்ட்ட நேராக்கினா 325 வோல்ட் மட்டில வரும், பிஎஃப்சி எண்டு வோல்ட்ட உசத்துற பகுதி இருந்தா 390, 400. காத்து உடைய ஆகக் குறைஞ்சது 330 வோல்ட்டுக்குக் கிட்ட வேணும், அதுவும் இடைவெளி மில்லிமீற்றர்ல நூறில ஒரு பங்கு அளவில இருந்தாத்தான். சாதாரண பவர் சப்ளையில கம்பிகளுக்கு இடையில மில்லிமீற்றர்க் கணக்கில தூரம் இருக்கு, அதால பயமில்ல. ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுற ட்ரான்ஸ்போமரில குமிழி உண்மையான ஆபத்து, அது வேற.

தண்ணி

குமிழி நிண்டாலும் ஈரத்த விட ஏலாது, இது மட்டக்களப்பு. இந்த மாதிரி ஒயில் 20 டிகிரியில பத்து லட்சத்தில 50 பங்கு மட்டில தண்ணி கரைச்சி வெச்சிருக்கும், 60 டிகிரியில 250 வரை. சூடா ஓடக்குள்ள ஈரத்த உறிஞ்சும், கரண்ட் போய்க் குளிர்ந்தா வெச்சிருக்க ஏலாததக் கக்கும், அது துளியா அடிக்கு இறங்கும். 2022ல கரண்ட் மணிக்கணக்காப் போன மாதிரி ஒரு காலம் வந்தா ஒவ்வொரு வெட்டுக்கும் டாங்கி ஒருக்கா சூடாகி ஒருக்கா குளிரும், ஒவ்வொரு முறையும் ஒயில் விரிஞ்சி சுருங்கி வெளிக்காத்த உள்ள இழுக்கும். டாங்கிக்கு நைற்றைல் பட்டி வெச்ச மூடி போட்டு, மூச்சு விட ஒரே ஒரு வழி வெச்சி, அந்த வழியில சிலிக்கா ஜெல் போத்தல் பூட்டினம், பெரிய ட்ரான்ஸ்போமரில தொங்குமே அதே வேலை. ஜெல்லின்ர நிறம் மாறினா ஓவன் அடுப்பில காய வெச்சித் திருப்பிப் போடலாம். அடியில ஒரு மூலையில சின்ன வடிகால் வால்வும் போட்டாச்சி, மாரி தொடங்கினா கிழமைக்கு ஒருக்கா ஒரு கிளாஸ் ஒயில் அதால எடுத்து வெளிச்சத்தில பிடிச்சிப் பாக்கச் சொல்லியிருக்கன். நீல லைட் மட்டும் அப்பிடியே கிடக்கு, ஒயில் தெளிஞ்சாப் புறகு கார்ட்டில இருக்கிற எழுத்தெல்லாம் கண்ணாடிக்கால வாசிக்கலாம், ஆக்கள் இப்ப அதத்தான் ஃபோட்டோ எடுக்கிறாங்களாம்.